ஈரம் காய்வதற்குள்

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பொருட்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஒன்று, அச்சகத்திலிருந்து வந்த காதுகுத்துப் பத்திரிகைக் கட்டு. மற்றொன்று, கோவையில் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்து நான் மருந்துக்கடையில் வாங்கி வந்த வெள்ளைக் கிரீம் டப்பா. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தேன். அந்த டப்பா தன் வேலையைச் செய்தால்தான் அந்தப் பத்திரிகைக்கு அர்த்தம் உண்டு.

மார்கழிப் பனி தொடங்கியபோது மகளின் கன்னம் வறண்டது. பிறகு சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் செதில் செதிலாக எழும்பி, காதுக்குப் பின்னால் மெல்லிய கோடாக வெடித்தது. அவளுக்குத் தாங்க முடியாத அரிப்பு. நகத்தால் கீறிக்கொள்ளாமலிருக்க அவள் இரண்டு கைகளிலும் காலுறைகளை மாட்டிவிட்டிருந்தேன். குட்டிக் குத்துச்சண்டைக்காரி போல அவள் அந்தக் கைகளை ஆட்டுவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

காதுகுத்து அவளுடைய பதினோராம் மாதத்தில், காங்கேயத்துக்கு அருகே இருக்கும் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் தம்பி. துபாயில் வேலை. இதற்கென்றே விடுப்பு வாங்கி, விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டான். ஆனால் டாக்டர் அந்த வெள்ளை டப்பாவை எழுதித் தரும்போதே சொல்லிவிட்டார்.

"காதுக்குப் பின்னாடி இருக்கற வெடிப்பு ஆறாம குத்தாதீங்க. ஆறுலைன்னா தேதியைத் தள்ளி வெச்சுக்கங்க."

ஏழு வாரம் இருந்தது. நான் தலையாட்டினேன். சூலூருக்குத் திரும்பி வந்து கணவரிடம் மட்டும் சொன்னேன். "அக்காகிட்டச் சொல்லிப்போடு" என்றார் அவர். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

அக்கா என்று அவர் சொன்னது, ஊரைக் கூட்டிக் காதுகுத்தை நடத்தப் போகிற அவருடைய அக்காவை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். தென்னந்தோப்பும் உண்டு. ஞாயிறுதோறும் ஒரு கேன் எண்ணெயோடு வந்து, மகளைத் தன் கையால் குளிப்பாட்டிவிட்டுத்தான் போவார். அவர் வந்தால் வீட்டில் சத்தமும் சிரிப்பும் இரண்டு மடங்காகும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதே அளவு பயமும் உண்டு.

டப்பாவைத் திருப்பி அதன் பின்னால் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். செராமைடு என்று போட்டிருந்தது. ஒன்று, மூன்று என்று எண்கள் வேறு. நான் வேதியியல் படித்தவள். கொழுப்புப் பொருட்கள் பற்றிய பாடத்தில் இந்தப் பெயர் எங்கோ ஒரு மூலையில் வந்திருந்தது. பரீட்சைக்கு வராது என்று பக்கத்தைத் தாண்டிப் போனது நன்றாக நினைவிருக்கிறது.

டாக்டர் சொன்னபடி தினமும் குளித்ததும் பூசினேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றும் ஆறவில்லை. கன்னம் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பானது போலக்கூட இருந்தது. டப்பா மாறிவிட்டதா, நான் தப்பாகப் படித்தேனா, டாக்டர் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லையா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சந்தேகம். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மகளின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். டப்பாவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வாரத்துல இவ்வளவுதான் தீர்ந்திருக்குதுங்களா? பொட்டு வெக்கற மாதிரி வெச்சீங்களா?"

"அதிகமாப் போட்டா ஏதாவது ஆயிருமோன்னு..."

"சரி, குளிப்பாட்டறதுல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னேன். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பத்து நிமிடம் இளவெயிலில் காட்டுவோம். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் சளி பிடிக்கும் என்பதால், நங்கையா அரைத்துக் கொடுத்த மாவைப் போட்டு அது துளிகூட நிற்காமல் தேய்த்து எடுப்போம். பாசிப்பயறு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் மொட்டைமாடியில் காயவைத்து அரைத்த மாவு. பிறகு நல்ல சுடுதண்ணீர். பிறகு ஈரமே இல்லாமல் துண்டால் அழுத்தித் துடைப்பேன். பிறகு சாம்பிராணிப் புகை. பிறகு பவுடர், ஏனென்றால் என் அம்மா தினமும் போனில் "பவுடர் போட்டியா?" என்று கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு நீங்கள் சொன்ன கிரீம். சாயங்காலம் கிருமி எதுவும் இருக்கக் கூடாது என்று இன்னொரு தடவை குளியல். அது மட்டும் என் சொந்த யோசனை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் கொடுத்த கிரீமை எது மேல போட்டீங்க? பாப்பா மேலயா, பவுடர் மேலயா?"

யோசித்துப் பார்த்தேன். பவுடர் மேல்தான். சில நாள் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பு போலத் திரளும். அதையும் துண்டால் துடைத்துவிட்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. நாங்கள் இருவரும் சிரிப்பதைப் பார்த்து என் மகளும் காலுறைக் கையால் மேசையைத் தட்டினாள்.

"அழுவாதீங்க. உங்க தப்பு மட்டும் இல்லீங்க இது. தோலோட மேல் அடுக்குல செல்லுகளுக்கு நடுவுல ஒரு கொழுப்பு இருக்குது. அதுல முக்கியமானதுதான் செராமைடு. உள்ள இருக்கற ஈரம் வெளியே போகாம, வெளிய இருக்கற தூசியும் புகையும் உள்ள வராம அதுதான் காவல் காக்குது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது கொஞ்சம் கம்மி. இருக்கற கொஞ்சத்தையும் நீங்க மாவு போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. அவ்வளவுதான்."

"எண்ணெயும் கெட்டதுங்களா?"

"கெட்டதுன்னு யாரு சொன்னா? தலைக்குத் தாராளமா வையுங்க. ஆனா இந்தக் கிரீம் செய்யற வேலையை அது செய்யாது. ஒரு வேளைதான் குளியல், அஞ்சு நிமிசம், வெதுவெதுப்பான தண்ணி. குளிச்சதும் துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்கவேண்டாம். உடம்புல ஈரம் இருக்கும்போதே, மூணு நிமிசத்துக்குள்ள, மினுமினுன்னு பூசுங்க. சாயங்காலம் குளிக்காமயே இன்னொரு தரம். சிவந்த இடத்துக்கு மட்டும் அஞ்சு நாளைக்கு ஒரு களிம்பு தரேன். அடுத்த தடவை டப்பா காலியா இல்லைன்னா திட்டுவேன்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்னும் நான்கு வாரம். மாவு, சாம்பிராணி, பவுடர், சுடுதண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். என் அம்மாவிடம் பவுடரைப் பற்றிப் பொய்கூடச் சொல்லிவிடலாம், போனில்தானே. ஆனால் அந்த மாவை அரைத்த கையிடம் எப்படிச் சொல்வது? ஆவாரம்பூவை ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளிக் காயவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். கூடவே, தேதி தள்ளிப் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்; அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நங்கையாவே வந்து இறங்கிவிட்டார்.

வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளியலறையில் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தார். நீட்டிய கால்கள் மேல் மகளைப் படுக்க வைத்தார். மாவுக் கிண்ணத்துக்குக் கை போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அவர் கையை நான் அப்படிப் பிடித்ததே இல்லை.

"ஏனம்மணி? என்னாச்சு?"

"மாவு வேண்டாமுங்க. டாக்டர் வேண்டாம்னுட்டாங்க."

ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. மேல் அடுக்கு, கொழுப்பு, செராமைடு, காவல், மூன்று நிமிடம், காது வெடிப்பு ஆறாவிட்டால் குத்தக் கூடாது என்பது, தம்பியின் விமான டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நங்கையா மகளின் காதை மெதுவாக மடக்கிப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு ஈரத்து மேலயே பூசச் சொல்றா அந்த டாக்டரம்மா? காஞ்ச பெறகு பூசுனா என்ன?"

"அந்தக் கிரீம் தண்ணியைக் கொண்டாராதுங்க. இருக்கற தண்ணியை வெளியே விடாமப் பிடிச்சு வெக்கும், அவ்வளவுதான். அதனால தண்ணி இருக்கும்போதே..."

"அட, இத்தனையுந்தானா!" என்று என்னை முடிக்க விடாமல் சிரித்தார். "தோப்புல தண்ணி கட்டுன பெறகு மரத்தச் சுத்தித் தேங்காமட்டையக் கவுத்து மூடாக்குப் போடறோமே, அதுதான? ஈரம் இருக்கறப்பப் போட்டாத்தான் ஈரம் நிக்கும். காஞ்ச மண்ணுல மூடாக்குப் போட்டா ஆருக்கு லாபம்? கரையானுக்கு! இதுக்கா அம்மணி நீ ரெண்டு நாளா போன எடுக்காம ஒளிஞ்சுக்கிட்டு இருந்த?"

மூன்று வாரம் நான் டப்பாவின் பின்னால் படித்துப் படித்துப் புரிந்துகொள்ளாத ஒன்று அவருக்கு மணைக்கட்டையில் உட்கார்ந்தபடியே புரிந்துவிட்டது.

"அப்ப காதுகுத்து..." என்று இழுத்தேன்.

"ஆறுனாக் குத்தலாம். ஆறுலீனா மூணாம் வருசம் குத்திக்கலாம். சாமி எங்கியும் போயிராது. பத்திரிகை கொடுத்த சனத்துக்குச் சோத்தப் போட்டு அனுப்பிச்சுப்போடலாம், அவிய சோத்துக்குத்தான வாறாங்க. மொதல்ல நீ அந்த மூடாக்கை எடுத்துட்டு வா, போ."

"இந்த மாவுங்க?"

"என்ற தம்பிக்குக் குடு. பட்டறையில இருந்து அவன் வர்ற கைக்கு இந்த மாவு பத்தாது, உமி போட்டுத் தேய்க்கோணும்."

கணவருக்கு வார்ப்படப் பட்டறையில் வேலை. கூடத்திலிருந்து "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று குரல் வந்தது.

அன்று நங்கையா வெறும் வெதுவெதுப்பான தண்ணீரை மட்டும் ஊற்றினார். நான் துண்டால் ஒத்தி எடுத்தேன். போனில் மூன்று நிமிடம் வைத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பூச ஆரம்பித்தோம். வலது கை அவருக்கு, இடது கை எனக்கு. "இன்னும் அள்ளு அம்மணி, பிசுநாறியாட்டம் தொடறயே" என்று என்னைத் திட்டிக்கொண்டே அவர் முதுகு முழுவதும் பூசினார். அலாரம் அடிக்கும்போது மகள் வெண்ணெய் உருண்டை போல மின்னிக்கொண்டிருந்தாள். கணவர் தூக்க வந்து, "என்னடா, மீனாட்டம் வழுக்குது" என்று தடுமாறி, கடைசியில் துண்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரே வெளிச்சத்தில் மகளைப் படம் எடுத்து முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டேன். "இதென்ன, ஆதார் கார்டுக்கா?" என்பார் கணவர். ஐந்து நாளில் களிம்பை நிறுத்த வேண்டிய அன்று நிறுத்தலாமா கூடாதா என்று டாக்டரின் சீட்டை நான்கு முறை படித்தேன். ஒரு நாள் கன்னத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்து பதறிப்போனேன். பார்த்தால் அது பீட்ரூட்.

மாற்றம் கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரிந்தது. அவள் கன்னத்தை என் பருத்திப் புடவை உரசும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இட்லித் தட்டை இறக்கும்போது அந்தச் சத்தம் இல்லை. மறு தோளுக்கு மாற்றிப் பார்த்தேன். இல்லை. இட்லி வெந்ததா என்று பார்க்க மறந்து, அவளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி மாற்றி அடுப்படியிலேயே நின்றிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நங்கையாவின் முன்னால் காலுறைகளைக் கழற்றினேன். மகள் தன் விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரித்தாள். மடக்கினாள். கன்னத்துக்குக் கொண்டுபோவாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த விரல்களால் முதலில் செய்த காரியம், நங்கையாவின் தாலிக்கொடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது.

"ஐயோ கண்ணு, உன்ற மாமன் இன்னும் இருக்கறாருடா!" என்று நங்கையா அலறினார். மகள் கைதட்டினாள். உறை இல்லாத கைகளின் தட்டல். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

காதுகுத்துக்கு மூன்று நாள் முன்பு டாக்டரிடம் காலி டப்பாவைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் காதுக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தார். "வெடிப்பு மூடியிருச்சு. அன்னைக்குக் காலையிலயும் ஒருக்காப் பாருங்க. அப்படியே இருந்தாக் குத்திக்கலாம்" என்றார். "மறுபடியும் வறண்டு வரலாம், பயந்துக்காதீங்க. பூசிட்டே இருந்தாப் போதும்."

காதுகுத்து அன்று காலையில் ஐந்து முறை பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

கோயில் வேப்பமரத்தடியில் மொட்டை அடித்து முடித்ததும், குழாயடியில் வைத்து மகளின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். மாசி வெயிலும் திறந்த வெளிக் காற்றும். துண்டால் ஒத்தி எடுத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டேன். மாற்றுத் துணி இரண்டு செட் இருந்தது. மூன்றாவது துண்டு இருந்தது. தெர்மாமீட்டர் இருந்தது. டப்பா இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று காரில் தனியாக வைத்த ஞாபகம் வந்தது. அந்தக் காரை எடுத்துக்கொண்டு தம்பி, காது குத்தும் ஆசாரியைக் கூட்டி வரப் போயிருந்தான்.

காற்று வீசியது. அவள் தோளில் தண்ணீர் முத்துகள் ஒவ்வொன்றாகக் காய்வது எனக்குத் தெரிந்தது. ஒரு பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, தலையில் பூசிவிட்டு அப்படியே கன்னத்துக்கும் இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க பெரிம்மா, சந்தனம் தலையோட நிக்கட்டுமுங்க!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. பட்டுச்சேலை சரசரக்க நங்கையா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். கையில் எவர்சில்வர் குங்குமச் சிமிழ். திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கிரீம்.

"ரெண்டு நாளைக்கு முன்னாலயே ஒரு டப்பா வாங்கி இதுல எடுத்து வெச்சுப்போட்டேன். நீ எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா எடுத்துட்டு வருவ, முக்கியமானத மறந்துபோடுவன்னு எனக்குத் தெரியாதா? உம், வலது கை எனக்கு. சீக்கிரம், ஈரம் காயுது!"

அந்தக் குழாயடியில், ஈர மண்ணில் பட்டுச்சேலையோடு குந்தி உட்கார்ந்து இருவரும் பூசினோம். சுற்றி நின்றவர்கள், இதுவும் ஏதோ சடங்கு போல என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி வந்து மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி கையைக் கழுவிவிட்டு மகளின் காதை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தார்.

"தோலு நல்லா மெத்துன்னு இருக்குதுங்களே. என்னங்க தேய்ச்சு விடறீங்க?"

காங்கேயத்து எண்ணெய் ஆலைக்காரர் வீட்டம்மா ஆயிற்றே என்று எல்லோரும் ஒரே பதிலை எதிர்பார்த்து நங்கையாவைப் பார்த்தார்கள்.

"மூடாக்குங்க" என்றார் நங்கையா.

ஆசாரிக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் வலது காதில் கம்பி ஏறிவிட்டது. மகள் ஒரு கணம் தம்பியை நம்ப முடியாமல் பார்த்து, பிறகு கோயிலே அதிரும்படி வீறிட்டாள். அடுத்த காதும் முடிந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் கை மேலே போனது. நானும் நங்கையாவும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தோம்.

அவள் கன்னத்தைச் சொறியவில்லை. கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அந்த ஈரக் கையாலேயே தன் மாமனின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.